இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள்: சொலிசிட்டர், மோர்ட்கேஜ், லீஸ்

கிழக்கு லண்டனில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் வீடு வாங்கும், விற்கும் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. நான் சொலிசிட்டர் இல்லை. ஆனாலும் ஈஸ்ட் ஹாமிலிருந்து வருபவர்களும் ஹாரோவிலிருந்து வருபவர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காருபவரும் அதையே கேட்கிறார். எனவே கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். இவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமும் வேறு, முறையும் வேறு.

கன்வேயன்சிங் எண்டா என்ன? அதுக்கு லோயர் கட்டாயம் வேணுமோ?

வீட்டின் உரிமையை விற்பவர் பேரிலிருந்து வாங்குபவர் பேருக்கு மாற்றும் சட்ட வேலை முழுவதும் கன்வேயன்சிங்தான். விற்பவர்தான் உண்மையான சொந்தக்காரரா, வீட்டின் மேல் பழைய கடன் நிற்கிறதா, பின்வளவு வழியாகப் பக்கத்து வீட்டுக்காரருக்கு நடக்கும் உரிமை இருக்கிறதா, பின்னால் கட்டிய அறைக்கு அனுமதி எடுத்தார்களா என்றெல்லாம் பார்ப்பது அதற்குள் வரும்.

இதைச் சொலிசிட்டரும் செய்யலாம், லைசென்ஸ்டு கன்வேயன்சரும் செய்யலாம். கன்வேயன்சர் சொத்து வேலையில் மட்டும் பயிற்சி பெற்றவர், அவருக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு உண்டு. நீங்களே செய்துகொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) எடுத்து வாங்கினால் வங்கி அதற்குச் சம்மதிக்காது.

ஏஜென்ட் ஒரு சொலிசிட்டரைச் சொல்றார். அவரையே எடுத்துக்கலாமா?

எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். உங்களைக் கட்டாயப்படுத்த அவருக்கு உரிமை இல்லை. அவருடைய மோர்ட்கேஜ் புரோக்கரைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னாலும் இதே பதில்தான். இப்படி ஆள் அனுப்புவதற்குப் பல ஏஜென்டுகளுக்குக் கமிஷன் கிடைக்கிறது. எவ்வளவு என்று கேளுங்கள், சொல்லத்தான் வேண்டும்.

யார் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எஸ்டேட் ஏஜென்ட் விற்பவருடைய ஆள். உங்களிடம் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவருக்குச் சம்பளம் விற்பவரிடமிருந்து வருகிறது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கியின் ஆள். சொலிசிட்டர் உங்கள் ஆள், ஆனால் பெரும்பாலும் அவரே வங்கிக்காகவும் வேலை செய்கிறார். நீங்கள் அவரிடம் சொல்லும் ஒரு விஷயம் கடனைப் பாதிக்கும் என்றால் அதை அவர் வங்கிக்குச் சொல்லியாக வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால், அவர் வங்கியின் வேலையைத் தொடர முடியாது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி போதும். உங்கள் வங்கியின் பட்டியலில் அவர் இருக்கிறாரா? சொன்ன கட்டணத்துக்குள் எது எது அடங்கும்? விளம்பரத்தில் மலிவாகத் தெரிகிற கட்டணத்தில் லீஸ்ஹோல்ட் வேலைக்குத் தனி, பரிசாகப் பணம் வந்தால் தனி, பணம் அனுப்பத் தனி என்று பின்னால் ஏறும்.

எங்கட ஆஃபருக்கு ஓம் எண்டிட்டினம். இனி வீடு எங்களுக்குத்தானே?

இல்லை. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தம் கைமாறும் நாள் வரைக்கும், அதாவது எக்ஸ்சேஞ்ச் நடக்கும் வரைக்கும், யாரையும் எதுவும் கட்டாது. இடையில் வேறொருவர் அதிகம் தருகிறேன் என்று வந்தால் விற்பவர் அவர் பக்கம் போகலாம். நீங்களும் விலகலாம். அப்படி நடந்தால் சர்வேக்கும் (வீட்டின் நிலையைப் பார்ப்பது) சேர்ச்சுகளுக்கும் (வீட்டைப் பற்றிக் கவுன்சிலிலும் மற்ற இடங்களிலும் பதிவு தேடுவது) கட்டிய காசு போனது போனதுதான்.

எக்ஸ்சேஞ்ச் முடிந்த பிறகு கதை தலைகீழ். விலகினால் டெபாசிட்டை இழப்பீர்கள், அதற்கு மேலும் விற்பவர் நஷ்டஈடு கேட்கலாம். வழக்கமான ஒப்பந்த நிபந்தனைகளின்படி அன்றிலிருந்து வீட்டுக்கு என்ன நடந்தாலும் அது உங்கள் பொறுப்பு. ஆகவே ஃப்ரீஹோல்ட் வீடு (நிலமும் கட்டடமும் உங்களுடையதாகும் வீடு) என்றால் கட்டட இன்ஷூரன்ஸ் எக்ஸ்சேஞ்ச் நாளிலேயே தொடங்க வேண்டும், சாவி வாங்கும் நாளில் இல்லை. வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பதும் எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகுதான்.

பேங்க்ல இருந்தே ஆள் வந்து பார்த்துட்டாங்க. தனியா சர்வே எதுக்கு?

வந்தவர் உங்களுக்காக வரவில்லை. கடன் திரும்பி வராவிட்டால் வீட்டை விற்று எடுக்க முடியுமா என்று மட்டும் பார்த்தார். சில நேரம் ஆள் வருவதே இல்லை, கணினியிலேயே மதிப்புப் போட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்கான சர்வேயில் மூன்று நிலைகள் உண்டு. சாதாரண நிலையில் இருக்கும் வீட்டுக்கு இரண்டாம் நிலை போதும். லண்டனில் நம் ஆட்கள் அதிகம் வாங்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட வரிசை வீடுகளுக்கும், சுவர் உடைத்து மாற்றிய வீடுகளுக்கும் மூன்றாம் நிலை எடுப்பதே நல்லது. சொலிசிட்டர் வீட்டைப் போய்ப் பார்ப்பதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. அவர் பார்ப்பது காகிதத்தை. கூரை ஒழுகுவது காகிதத்தில் தெரியாது.

பேங்க் 5 சதவீதம் டெபாசிட் போதும்னு சொல்லுது, சொலிசிட்டர் 10 சதவீதம் கேக்குறார். யார் சொல்றது சரி?

இரண்டு பேரும். ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள். வங்கி சொல்வது, வீட்டு விலையில் கடன் போக உங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. சொலிசிட்டர் கேட்பது, எக்ஸ்சேஞ்ச் நாளில் விற்பவருக்குப் பிடிமானமாகக் கட்டும் முன்பணம். அது வழக்கமாக விலையில் 10 சதவீதம்.

கையில் 5 சதவீதம்தான் இருக்கிறது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். விற்பவர் தரப்பிடம் பேசிக் குறைக்க முடியும், அடிக்கடி நடக்கிறது. ஆனால் நீங்கள் பின்னர் ஒப்பந்தத்தை முறித்தால் மீதி 5 சதவீதத்தையும் கேட்பார்கள்.

அக்ரிமென்ட் இன் பிரின்சிபிள் வந்திட்டுது. லோன் கிடைச்ச மாதிரித்தானே?

அது வங்கியின் 'பார்க்கலாம்'. நீங்கள் சொன்ன வருமானத்தையும் மேலோட்டமான கிரெடிட் விவரத்தையும் வைத்துக் கொடுத்தது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வீட்டின் மதிப்பு எல்லாம் பார்த்த பிறகு எழுத்தில் வரும் மோர்ட்கேஜ் ஆஃபர்தான் கணக்கு. அதற்கும் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம்.

ஆஃபர் வந்த பிறகும் சாவி கைக்கு வரும்வரை புதிதாகக் கார் எடுப்பது, தளபாடத்தைத் தவணைக்கு வாங்குவது, வேலை மாறுவது எல்லாவற்றையும் தள்ளிப் போடுங்கள். வங்கி கடைசி வாரத்தில்கூட மறுபடி சோதிக்கலாம். இன்னொன்று: இரண்டு வருடமோ ஐந்து வருடமோ வட்டியை நிலைப்படுத்தி எடுத்தால், அந்தக் காலம் முடிந்ததும் கடன் தானாக வங்கியின் சாதாரண வட்டிக்குப் போய்விடும். அது பொதுவாக அதிகம். முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, சில மாதம் முன்பே அடுத்ததைத் தேடுங்கள். நிலைப்படுத்திய காலம் முடியுமுன் வீட்டை விற்றோ வங்கி மாறியோ கடனை அடைத்தால் அபராதம் கட்ட நேரும்.

அப்பா ஊரிலயிருந்து காசு அனுப்புறார், கொஞ்சம் சீட்டுக் காசும் இருக்கு. ஏன் இவ்வளவு கேள்வி கேக்கினம்?

சொலிசிட்டர் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று நினைக்காதீர்கள். கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படி ஒவ்வொரு பவுண்டும் எங்கிருந்து வந்தது என்று அவர் காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் அவர் தொழிலே போகும். சம்பளச் சேமிப்பு என்றால் சில மாத வங்கிக் கணக்கு போதும். அப்பா காணி விற்று அனுப்பினார் என்றால் விற்ற உறுதியின் (பத்திரத்தின்) பிரதி, அந்தப் பணம் அவர் கணக்கில் விழுந்த பதிவு, அங்கிருந்து உங்களுக்கு வந்த பதிவு என்று சங்கிலி அறுபடாமல் வேண்டும். கூடவே இது பரிசு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கு இல்லை என்று அவர் ஒப்பமிட்ட கடிதத்தையும் வங்கி கேட்கும். இந்தியாவிலிருந்து வருகிறது என்றால், அங்கு வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 250,000 டாலர் வரைதான் அனுப்பலாம் என்ற வரம்பையும் மனதில் வையுங்கள்.

சீட்டுக் காசும் உண்டியலில் (வங்கி வழியில்லாமல் ஆள் மூலம்) வந்த காசும்தான் மாட்டிக்கொள்ளும் இடம். பதிவில்லாத சீட்டில் பத்துப் பேர் கையில் கொடுத்த பணத்துக்குத் தாள் எங்கே? நம்பிக்கையில் ஓடிய சீட்டு நமக்குப் புரியும், வங்கிக்குப் புரியாது. சீட்டெடுத்து வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் மாதாமாதம் கட்டும் பணத்தையும் எடுத்த தொகையையும் முதல் மாதத்திலிருந்தே வங்கி வழியாக நடத்துங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு முதல் வாரம் கணக்கில் ரொக்கம் போட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

முதல் வீட்டுக்கு ஸ்டாம்ப் டியூட்டி இல்லையாமே?

இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள கணக்கு இது. முதல் வீடு வாங்குபவருக்கு 300,000 பவுண்ட் வரை வரி இல்லை, அதற்கு மேல் 500,000 வரையுள்ள பகுதிக்கு 5 சதவீதம். விலை 500,000ஐத் தாண்டினால் சலுகையே இல்லை. மற்றவர்களுக்கு முதல் 125,000க்கு வரி இல்லை, 250,000 வரையுள்ள பகுதிக்கு 2 சதவீதம், 925,000 வரை 5 சதவீதம், அப்புறம் இன்னும் ஏறும். 400,000 பவுண்ட் வீட்டுக்கு முதல் வீட்டுக்காரர் 5,000 கட்டுவார், மற்றவர் 10,000 கட்டுவார். சாவி வாங்கி 14 நாளுக்குள் கட்ட வேண்டும், சொலிசிட்டரே கட்டுவார். வேல்ஸில் வரிக்குப் பெயரும் வேறு, அளவும் வேறு.

நம் ஆட்கள் தடுக்கி விழுவது 'முதல் வீடு' என்ற இடத்தில். பிரித்தானியாவில் முதல் வீடு என்றால் போதாது, உலகத்தில் எங்கேயும் ஒரு வீட்டில் உங்களுக்கு உரிமை இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் மனைவி பேரில் எழுதிய சீதன வீடு, மதுரையில் அப்பாவுக்குப் பிறகு பங்காக வந்த வீடு எல்லாம் கணக்கில் வரும். விற்றுவிட்டாலும் ஒரு காலத்தில் பேரில் இருந்தது போதும். வெறும் வயற்காணி என்றால் அது வீடு இல்லை. இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் இருவரும் முதல் வீட்டுக்காரராக இருக்க வேண்டும். இதை மறைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள், சொலிசிட்டரிடம் ஊர் வீட்டைப் பற்றி முதல் நாளே சொல்லுங்கள். அந்த வீடு இப்போதும் கையில் இருந்து, உங்கள் பங்கு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ பெறும் என்றால், இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் 5 சதவீதமும் விழலாம்.

அப்பான்ர பேரையும் சேர்த்தா மோர்ட்கேஜ் கூடக் கிடைக்குமோ? அவர் கொழும்பில இருக்கிறார்.

மோர்ட்கேஜைப் பார்க்கும் முன் மேலே சொன்ன வரியைப் பாருங்கள். அப்பாவுக்குக் கொழும்பில் சொந்த வீடு இருந்தால் முதல் வீட்டுச் சலுகை போய்விடும், முழு விலைக்கும் கூடுதல் 5 சதவீதம் வரும். வாங்குவதற்கு முந்திய 12 மாதத்தில் அவர் பிரித்தானியாவில் 183 நாளுக்குக் குறைவாக இருந்தால் வெளிநாட்டு வாசிக்கான 2 சதவீதமும் சேரும். அதே 400,000 பவுண்ட் வீட்டுக்கு 5,000 கட்ட வேண்டியவர் 38,000 கட்ட வேண்டிவரும். பேரைச் சேர்க்காமல் பணத்தைப் பரிசாக வாங்குவதே பெரும்பாலும் லாபம்.

ஃப்ரீஹோல்டுக்கும் லீஸ்ஹோல்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஃப்ரீஹோல்ட் என்றால் நிலமும் கட்டடமும் உங்களுடையது, கால வரையறை இல்லாமல். லீஸ்ஹோல்ட் என்றால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்த ஃப்ளாட்டில் இருக்கும் உரிமையை வாங்குகிறீர்கள். நிலமும், கட்டடத்தின் வெளிச்சுவர், கூரை போன்றவையும் ஃப்ரீஹோல்டருடையவை. ஃப்ளாட் ஏறக்குறைய எல்லாமே லீஸ்ஹோல்ட். மான்செஸ்டர் பக்கம் தனி வீடுகளிலும் 999 ஆண்டு லீஸ் உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

72 வருஷ லீஸ் இருக்கு. எனக்கு இப்பவே 45. என் காலத்துக்குப் போதாதா?

இருப்பதற்குப் போதும், விற்பதற்குப் போதாது. லீஸ் குறையக் குறைய ஃப்ளாட்டின் மதிப்பும் குறையும். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு, அதற்குக் கீழே போனால் கடன் தராது. பத்து வருடம் கழித்து நீங்கள் 62 வருட லீஸை விற்கப் போகிறீர்கள். அதை வாங்க வருபவருக்கு மோர்ட்கேஜ் கிடைக்காவிட்டால் ரொக்கமாக வாங்குபவர் சொல்வதுதான் விலை.

80 ஆண்டு என்பது முக்கியமான கோடு. ஃப்ளாட்டை வைத்திருப்பவர் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 90 ஆண்டுகளைச் சேர்த்து நீட்டிக்கலாம், கிரவுண்ட் ரென்ட்டும் (நில வாடகை) ஒன்றுமில்லாததாகிவிடும். ஆனால் மீதம் 80க்குக் கீழே இருந்தால், நீட்டிப்பதால் ஏறும் மதிப்பில் பாதியையும் ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் மேரேஜ் வேல்யூ. இதை ஒழிக்க 2024இல் சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் நிறைவேறிய சட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் அரசு தனித்தனியாக அமலாக்க வேண்டும். 'சட்டம் வந்துவிட்டதே' என்று ஏஜென்ட் சொன்னால், அந்தப் பகுதி அமலுக்கு வந்துவிட்டதா என்று சொலிசிட்டரைக் கேளுங்கள். அமலான ஒரு நல்ல மாற்றம்: இரண்டு வருடம் சொந்தமாக வைத்திருந்தால்தான் நீட்டிக்கக் கேட்கலாம் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

இப்படிப்பட்ட ஃப்ளாட் பிடித்துப்போனால், விற்பவரே நீட்டித்துத் தரட்டும் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நீட்டிக்கும் செலவை ஒரு மதிப்பீட்டாளரிடம் கணித்து விலையில் கழியுங்கள்.

கிரவுண்ட் ரென்ட், சர்வீஸ் சார்ஜ் ரெண்டும் ஒன்றோ?

இல்லை. கிரவுண்ட் ரென்ட் நில வாடகை, அதற்குப் பதிலாக உங்களுக்கு எதுவும் கிடைக்காது. 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் பெரும்பாலான புதிய லீஸ்களில் அதை வசூலிக்க முடியாது. பழைய லீஸ் என்றால் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எப்படி ஏறும் என்ற வரியைப் பாருங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் லீஸ்கள் இருக்கின்றன, அவற்றுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கும்.

சர்வீஸ் சார்ஜ் என்பது கூரை, படிக்கட்டு, லிஃப்ட், கட்டட இன்ஷூரன்ஸ் போன்றவற்றின் உண்மையான செலவில் உங்கள் பங்கு. அது வருடா வருடம் மாறும், மேல் வரம்பு இல்லை. கடந்த மூன்று வருடக் கணக்கையும் சேமிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். சேமிப்பே இல்லாத பழைய கட்டடத்தில் சார்ஜ் குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

வாங்கி ஆறு மாசத்துல கூரைக்கு 9,000 பவுண்ட் கேட்டா என்ன பண்றது?

லீஸில் அப்படி எழுதியிருந்தால் கட்டத்தான் வேண்டும். ஒரு லீஸ்காரரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் பெரிய வேலை என்றால் ஃப்ரீஹோல்டர் முன்கூட்டியே அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். அதற்கு செக்‌ஷன் 20 நோட்டீஸ் என்று பெயர். அப்படி நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று எக்ஸ்சேஞ்சுக்கு முன் சொலிசிட்டர் கேட்பார். வந்திருந்தால், அந்தச் செலவை விற்பவர் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். பிறகு கேட்டுப் பயனில்லை.

உயரமான கட்டடம் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 2017 ஜூனில் லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கோபுரம் எரிந்த பிறகு, வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகள் பாதுகாப்பானவையா என்பதற்குத் தாள் இல்லாமல் பல வங்கிகள் கடன் தருவதில்லை. 11 மீட்டரோ ஐந்து மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களில் 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் பல லீஸ்காரர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. விற்பவரிடம் அதற்கான சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

டாப் ஃப்ளோர் ஃப்ளாட்தானே, லாஃப்ட்ல ஒரு ரூம் போட்டுக்கலாமா?

லாஃப்ட் உங்களுடையதா என்று முதலில் பாருங்கள். லீஸோடு இருக்கும் வரைபடத்தில் அது உங்கள் பகுதிக்குள் இல்லாவிட்டால், ஏணி உங்கள் வரவேற்பறையில் இருந்தாலும் லாஃப்ட் ஃப்ரீஹோல்டருடையது. உங்களுடையது என்றாலும் மாற்றம் செய்ய அவர் அனுமதி, கவுன்சிலின் திட்ட அனுமதி, கட்டட விதிமுறைச் சான்று மூன்றும் தனித்தனியாக வேண்டும். கார்ப்பெட்டை எடுத்து மரத்தரை போடுவதைக்கூடப் பல லீஸ்கள் தடுக்கின்றன. வாடகைக்கு விட நினைத்தால் லீஸ் மட்டும் அனுமதித்தால் போதாது, வங்கியும் சம்மதிக்க வேண்டும். எனவே லீஸை முழுவதும் படியுங்கள். நாற்பது பக்கம் இருக்கும், சலிப்பாக இருக்கும், ஆனாலும் படியுங்கள்.

தம்பியும் நானும் சேர்ந்து வாங்கிறம். நான் கூடப் போடுறன். பேர் எப்பிடி எழுதுறது?

இரண்டு வழி. ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்றால் முழு வீடும் இருவருக்கும் சேர்ந்து சொந்தம், பங்கு என்று ஒன்று இல்லை. ஒருவர் இறந்தால் மற்றவருக்குப் போகும், உயில் எழுதியிருந்தாலும் செல்லாது. கணவன் மனைவி பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள். டெனன்ட்ஸ் இன் காமன் என்றால் ஆளாளுக்குப் பங்கு உண்டு, அதை உயிலில் யாருக்கும் எழுதலாம்.

நீங்கள் அதிகம் போடுவதால் இரண்டாவது வழியை எடுத்து, யார் எவ்வளவு போட்டார், விற்றால் எப்படிப் பிரிப்பது என்று டிரஸ்ட் ஆவணம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். 'தம்பிதானே' என்று விடுபவர்கள் பலர். தம்பிக்குக் கல்யாணம் ஆன பிறகு அதே பேச்சைப் பேசுவது கஷ்டம். பங்கு எப்படி இருந்தாலும், மோர்ட்கேஜ் முழுவதுக்கும் இருவரும் பொறுப்பு என்பதை மறக்க வேண்டாம்.

நாலு மாசமாச்சு. சொலிசிட்டர் தூங்குறாரா?

சில நேரம் தூங்குவார், அப்போது அடித்துக் கேளுங்கள். ஆனால் மூன்று நாலு மாதம் சாதாரணம். கவுன்சிலின் சேர்ச், தண்ணீர் வடிகால், சுற்றுச்சூழல் சேர்ச் எல்லாம் வர வேண்டும். லீஸ்ஹோல்ட் என்றால் நிர்வாக நிறுவனத்தின் தகவல் கட்டு வர வேண்டும், தாமதம் அதிகம் அங்கேதான். நீங்கள் வாங்கும் வீட்டுக்காரர் இன்னொரு வீடு வாங்கிக்கொண்டிருந்தால், அவருடைய வேலையும் முடிய வேண்டும். கேட்ட தாள்களை அன்றன்றே அனுப்புவதுதான் உங்கள் கையில் இருக்கும் வேகம்.

சொலிசிட்டரிட்ட இருந்து ஈமெயில் வந்தது, பேங்க் அக்கவுன்ட் மாறிட்டுதாம். புது அக்கவுன்டுக்கு அனுப்பவோ?

அனுப்பாதீர்கள். ஈமெயிலுக்குள் புகுந்து, டெபாசிட் கட்டும் நாளைப் பார்த்துக் காத்திருக்கும் திருடர்கள் இருக்கிறார்கள். அந்த ஈமெயிலில் உள்ள எண்ணைக் கூப்பிடாமல், முதல் நாள் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்துக் கணக்கு எண்ணைக் குரலில் சரிபாருங்கள். சிறு தொகை அனுப்பி, வந்துவிட்டது என்று கேட்டபிறகு மீதியை அனுப்புவது எங்கள் அலுவலகத்தில் நாங்கள் எல்லோருக்கும் சொல்வது.

எல்லாம் முடிஞ்சுது. உறுதி எப்ப கைக்கு வரும்?

வராது. ஊரில் போல முத்திரை வைத்த பத்திரத்தை அலமாரியில் பூட்டி வைக்கும் முறை இங்கே இல்லை. உரிமை நில ரெஜிஸ்ட்ரியின் கணினிப் பதிவேட்டில் இருக்கிறது. பதிவு முடிந்ததும் சொலிசிட்டர் பிரதி ஒன்றை அனுப்புவார், அது சில மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்தப் பிரதியில் பெயரின் எழுத்துகளையும், மோர்ட்கேஜ் கொடுத்த வங்கியின் பெயரையும், நீங்கள் அண்ணன் தம்பியாகப் பங்கு பிரித்து வாங்கியிருந்தால் அதற்கான கட்டுப்பாட்டுக் குறிப்பையும் சரிபாருங்கள்.

பத்திரம் கையில் இல்லாமல் யாராவது நம் பேரில் விற்றுவிட்டால் என்ன செய்வது என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான பயம்தான், குறிப்பாக வீட்டை வாடகைக்கு விட்டு வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு. ரெஜிஸ்ட்ரியில் 'பிராப்பர்ட்டி அலர்ட்' என்று இலவசச் சேவை இருக்கிறது. உங்கள் வீட்டை அதில் சேர்த்துவிட்டால், அந்தப் பதிவில் யாராவது கை வைக்க முயன்றால் ஈமெயில் வரும். ஒருவர் பத்துச் சொத்து வரை சேர்க்கலாம், அப்பா அம்மாவின் வீட்டையும் சேர்த்துவிடலாம்.